ஐம்பத்தாறு, பதினேழு, நூற்று நாற்பத்தைந்து

நாற்பத்தொன்பது வருஷத்தில் வீரம்மாவின் முகத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை. மற்ற எல்லாவற்றையும் அளந்திருக்கிறார்கள். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் தலையை எண்ணுவார்கள். மடுவத்தில் கொழுந்தை நிறுப்பார்கள். நிறுத்துவிட்டு ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். பிள்ளை பெற்று எத்தனையாம் நாள் மலைக்கு வந்தாள் என்பதுகூட ஆபீஸ் புத்தகத்தில் இருக்கிறது. முகத்தை மட்டும்தான் விட்டுவிட்டார்கள். அளக்காமலேயே அதற்கு ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்கள். கண்ணாடி நிற்கவில்லை என்றதும் குற்றத்தை முகத்தின் மேலேயே போட்டார்கள்.

ஹட்டனிலிருந்து பஸ் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து இன்னும் முக்கால் மணி நேரம் மேலே நடந்தால் அந்தத் தோட்டம் வரும். மேற்பிரிவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய பத்து ஒற்றையறை வீடுகள் கொண்ட பத்துக் காம்பரா லயம். அதில் ஏழாவது காம்பரா வீரம்மாவுடையது. புருஷன் ஜீவராஜ் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் தூக்குகிறார்; தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவார். மகள் நிலக்ஷி உயர்தரம் படிக்கிறாள். வீரம்மா பதினெட்டு வயதில் கூடையைத் தலையில் மாட்டினாள். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ஆள் குள்ளம், ஒடிசலான முகம், சின்ன மூக்கு. வாய் மட்டும் சின்னதில்லை. மடுவத்தில் தராசு முள் ஆடி முடிவதற்கு முன் எடையைச் சொன்னால், "முள்ளு நிக்கட்டும், ஐயா. அதுக்கு என்னா அவசரம், பஸ் புடிக்கணுமா?" என்று கேட்கிற ஒரே ஆள் அவள்தான். அதனால் அவள் கொழுந்தில் குறை கண்டுபிடிக்கப் பலர் காத்திருந்தார்கள். முப்பது வருஷமாக யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நாற்பத்தாறு வயதில் கண் கிட்டப் பார்வைக்கு மக்கர் செய்யத் தொடங்கியது. தூரத்து மலையில் மேயும் மாடு யாருடையது என்று சொல்லிவிடுவாள். கைக்கெட்டும் செடியில் கொழுந்து பச்சைப் புகை மாதிரி தெரிந்தது. விரல் பழக்கத்தில் மூன்று வருஷம் சமாளித்தாள். இளசு எது, முத்தல் எது என்று விரலுக்குத் தெரியும். ஆனால் மழைக் காலத்தில் விரல் மரத்துப் போனால் விரலும் குருடுதான்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு நலன்புரிக் கழகம் கண் முகாம் நடத்த வந்தது. தோட்ட மண்டபத்தில் பெரிய பேனர் கட்டினார்கள். கண் சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மிஸ் எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் பார்த்து, வீரம்மாவுக்கு "ஒன்றரை" என்று சீட்டில் எழுதினார். வில்லை கண்ணுக்கு முன் வந்ததும் தன் கைரேகையில் அடைந்திருந்த தேயிலைக் கறை இழை இழையாகத் தெரிந்ததைப் பார்த்து வீரம்மா சிரித்தே விட்டாள்.

சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். அங்கே ஒரே நிற டீ-சேர்ட் போட்ட மூன்று பையன்கள். மேசை மேல் அட்டைப்பெட்டிகள்: ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று. சீட்டைப் பார்ப்பார்கள், பெட்டிக்குள் கையை விடுவார்கள், எடுத்து நீட்டுவார்கள். ஒரு பையன் அவளுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "லஸ்ஸனய் அம்மே" என்றான். அழகாக இருக்கிறதாம். போட்டோ எடுக்கும்வரை கண்ணாடி நிற்க வேண்டுமே என்று வீரம்மா மூச்சைப் பிடித்து நாடியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அந்தப் போட்டோதான் பிறகு கழகத்தின் பேஸ்புக்கில் வந்தது. பெருமையில் தலை நிமிர்ந்து நிற்கும் தாய் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்கள். தலையைக் குனிந்தால் கண்ணாடி விழுந்துவிடும் என்று நிமிர்ந்தவள் அவள்.

கொழுந்து பறிக்கிற வேலை முழுக்கத் தலையைக் குனிந்து செய்கிற வேலை. கூடைக் கயிறு தலையில் கிடக்கும். இரண்டு கையும் செடி மேல் ஓடும். கை நிறைந்ததும் கொழுந்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் வீச வேண்டும். புதுக் கண்ணாடியோடு முதல் செடியில் குனிந்தாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. புறங்கையால் தள்ளினாள். அடுத்த செடியில் மறுபடியும் வந்தது. கண்ணாடியின் இரண்டு கையும் காதைத் தாண்டிப் பின்னால் விரற்கடை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. கொழுந்தை வீசும்போது கூடைக் கயிறு அசைந்து அந்த நுனியை இடிக்கும். இடித்ததும் கண்ணாடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். ஒரு நிரை முடிப்பதற்குள் எத்தனை முறை தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது.

வெளிவேலைகளைப் பார்க்கிற கண்டாக்கு கணேசமூர்த்தி. முப்பத்தைந்து வயது, அகலமான முகம், மோட்டார் சைக்கிள். அவரிடம் சொன்னாள்.

"ஐயா, இந்தக் கண்ணாடி நிக்க மாட்டேங்குது."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிக்க."

"பழகுறதுக்கு இது என்னா நாய்க்குட்டியா? மூக்குல நிக்கல்லைங்கிறேன்."

"ஊசியும் வேணாம்பீங்க, மாத்திரையும் வேணாம்பீங்க. சும்மா குடுத்தாலும் ஒங்களுக்கெல்லாம் குத்தம்தான்."

அந்த "ஒங்களுக்கெல்லாம்" வீரம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் பழகிப் பார்த்தாள். கம்பளி நூலால் கண்ணாடியின் இரண்டு கையையும் பின்மண்டையில் இழுத்துக் கட்டினாள்; நூல் கூடைக் கயிற்றோடு சிக்கிக்கொண்டது. மூக்கில் பஞ்சு வைத்தாள். வேர்வையில் நனைந்து பஞ்சு விழுந்தது. கையால் பிடித்துக்கொண்டு பார்த்தால் கொழுந்தின் முனையில் உள்ள பூனைமயிர்கூடத் தெரிந்தது. ஆனால் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் கொழுந்து பறிக்க முடியுமா? அதைத்தான் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பவர் சரியில்லை என்றார் ஒருவர். புதுசுக்கு அப்படித்தான் என்றார் இன்னொருவர். முகாமில் கண்ணாடி வாங்கிய பாதிப் பேர் அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் பழையபடி வேலைக்குப் போனார்கள்.

தேயிலைச் செடியைக் கத்தியால் கவ்வாத்து வெட்டி மட்டமாக்குகிற செல்லசாமி நாலாவது காம்பராக்காரர். வயது ஐம்பத்தாறு, பூசணிக்காய் மாதிரிப் பெரிய தலை. அவருக்கும் அதே முகாமில் கண்ணாடி கிடைத்திருந்தது. அவருடைய குறை வேறு மாதிரி: கண்ணாடியின் இரண்டு கையும் வெளிப்பக்கமாக விரிந்து, காதுக்கு மேலே நெற்றிப் பொட்டில் குழி விழும்படி அமுக்கின.

"தங்கச்சி, இதப் போட்டா தலைய எலிப்பொறியில குடுத்த மாதிரி இருக்கு" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து இரண்டு கண்ணாடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். செல்லசாமிதான் கண்டுபிடித்தார். கண்ணாடிக் கையின் உட்பக்கம் பொடி எழுத்தில் இலக்கம் அச்சடித்திருந்தது. வீரம்மாவின் கண்ணாடியில் ஐம்பத்தாறு, பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம், பிறகு பதினேழு, ஒரு கோடு, நூற்று நாற்பத்தைந்து. செல்லசாமியுடையதில் நாற்பத்தொன்பது, பதினாறு, நூற்று முப்பத்தைந்து.

"வீரம்மா, ஒனக்கு என்னா வயசு?"

"நாப்பத்தொம்பது."

"எனக்கு?"

"அம்பத்தாறுன்னு நீங்கதானே அண்ணே சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க."

செல்லசாமி தொடையில் தட்டினார். "அட கோட்டான்களா! ஒன்னோடத எனக்கும் என்னோடத ஒனக்கும் மாத்திக் குடுத்துட்டானுங்க. அதான் பாரு, வரிசையில வயசக் கேட்டானுங்கல்ல?"

கேட்கத்தான் செய்தார்கள். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் என்று கேட்டு எழுதிய பிறகுதான் சீட்டே கொடுத்தார்கள். இந்தத் தோட்டத்தில் வயதைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. வேலையில் சேர்ப்பதும் வயதைப் பார்த்துத்தான், நிறுத்துவதும் வயதைப் பார்த்துத்தான். கண்ணாடியும் வயதுக்குத்தான் வரும் என்று நினைத்ததில் என்ன தப்பு? அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். மாற்றியதும் வீரம்மாவின் மூக்கில் அது பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது போல உட்கார்ந்தது. குனிந்தாள், தலையை உதறினாள், அசையவில்லை. செல்லசாமிக்கும் பொட்டு வலி போய்விட்டது. "பாத்தியா?" என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

மறுநாள் மலையில் வீரம்மாவுக்குத் தலை சுற்றியது. செடி தெரிந்தது, கொழுந்து கரைந்தது. இன்னும் குனிந்து முகத்தைச் செடிக்குள் விட்டால்தான் இலை இலையாகத் தெரிந்தது. புதுசுக்கு அப்படித்தான் என்று இப்போது அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். வயது சரியாக இருக்கிறது, மூக்கில் சரியாக நிற்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்றாம் நாள் மடுவத்தில் அவள் கூடையைக் கொட்டியபோது முத்தல் இலையும் காம்புமாகக் கிடந்தது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறை. கணேசமூர்த்தி ஒரு கைப்பிடி அள்ளி எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"இது கொழுந்தா, ஆட்டுக்குப் போடுற குழையா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வீரம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதுதான் அவளை வதைத்தது.

நாலாம் நாள் மழைநீர் ஓடும் கானைத் தாண்டும்போது, கால் வைத்த இடம் ஒரு சாண் கிட்ட இருப்பதாகத் தெரிந்தது; இல்லை. கூடையோடு கானுக்குள் விழுந்தாள். கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. தோட்ட டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு ஒரு வாரம் ஓய்வு எழுதினார்கள்.

ஓய்வின் மூன்றாம் நாள் கணேசமூர்த்தி லயத்துக்கே வந்தார். வாசலில் நின்று, "வீரம்மா, எப்படி இருக்கீங்க?" என்றார். வேலை நேரத்தில் அவர் வாயில் வருவது "நீ". கையெழுத்து வேண்டுமென்றால்தான் "நீங்க" வரும். அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. பார்வைக் குறைவால் தன்னால் கொழுந்து பறிக்க முடியவில்லை என்றும், மாதக் கடைசியோடு தன் விருப்பப்படியே வேலையிலிருந்து விலகுவதாகவும் அதில் எழுதியிருந்தது. கீழே அவள் பெயருக்கு எதிரே வெற்றுக் கோடு.

"யாரு வெருப்பம்?" என்றாள் வீரம்மா.

"இங்க பாருங்க. கண்ணு தெரியாத ஆள மலைக்கு அனுப்பி நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? கண்ணாடியும் குடுத்தாச்சு. கண்ணாடி போட்டும் தெரியல்லைன்னா தோட்டம் என்னா பண்ணும்? சேர வேண்டியதெல்லாம் வரும். வீட்டுல இருங்க."

"என் நிரை?"

"அது யாருக்காவது குடுக்கலாம்."

யாருக்காவது. முப்பத்தொரு வருஷம் அவள் கை பட்டுப் பட்டு மட்டமான செடிகள். எந்தச் செடிக்கு அடியில் குளவி கூடு கட்டும், எது மழைக்கு முன் துளிர்க்கும் என்று அவளுக்குத் தெரியும். வீரம்மா கடிதத்தை வாங்கி மடித்துப் படுக்கைக்குக் கீழே வைத்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அவர் மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருப்பதை நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

யோசிக்கத்தான் செய்தாள். காலை நீட்டிக்கொண்டு காம்பராவில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த காம்பரா ஜெயந்தினி கஞ்சி கொண்டுவந்தாள். அவள் கழுத்தில் நூல் கட்டித் தொங்கியது முகாம் கண்ணாடி. வீரம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஐம்பத்தாறு, பதினேழு, நூற்று நாற்பத்தைந்து.

"ஜெயந்தினி, ஒனக்கு என்னாடி வயசு?"

"நாப்பத்தொன்னு, அக்கா. ஏன், மாப்பிள்ளை பாக்கப் போறீங்களா?"

"கண்ணாடியில அம்பத்தாறுன்னு போட்டிருக்கே."

"போட்டவன் என்னைய நல்லாப் பாக்கல்லை போல."

ஜெயந்தினி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். வீரம்மா சிரிக்கவில்லை. நாலாவது காம்பராவுக்குச் சொல்லி அனுப்பித் தன் பழைய கண்ணாடியைக் கேட்டு வாங்கினாள். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். பெரியதைக் கையால் பிடித்துப் பார்த்தாள்: பாயின் கோரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது, கையை எடுத்தால் விழுந்தது. சின்னதைப் போட்டாள்: விழவில்லை, பாய் கலங்கியது. ஒன்றில் கண் சரி, முகம் தப்பு. மற்றதில் முகம் சரி, கண் தப்பு. அப்படியானால் இந்த இலக்கம் கண்ணுக்கு உரியது இல்லை, வயதுக்கு உரியதும் இல்லை. இது முகத்துக்கு உரியது.

நிலக்ஷியின் பெட்டியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்தாள். பெரிய கண்ணாடியின் ஒரு வில்லையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வைத்து அளந்தாள். சின்னக் கோடுகளை எண்ணினாள். ஐம்பத்தாறு. சின்னதை அளந்தாள். நாற்பத்தொன்பது. காலில் வலி இருப்பதே மறந்துபோய் எழுந்து நின்றுவிட்டாள். வயதில்லை, ஒன்றுமில்லை. மில்லிமீட்டர்! பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கோடு கிழிக்கிற அதே மில்லிமீட்டர். இதைப் படித்தவர்கள் யாரும் அந்த மண்டபத்தில் இல்லையா? பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்த பையன்களிடம் ஒரு அடிமட்டம் இல்லையா?

மீதி இரண்டு இலக்கமும் அவளுக்குப் பிடிபடவில்லை. வீக்கம் வடிந்ததும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனாள். பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் கடையில் ஷாமிலா என்ற பெண் வேலை செய்கிறாள். வீரம்மா இரண்டு கண்ணாடியையும் மேசையில் வைத்தாள். "வாங்க வரல்லைம்மா. வெளக்கம் கேக்க வந்தேன்" என்றாள்.

ஷாமிலா அவள் முகத்தைப் பார்த்தாள், பெரிய கண்ணாடியைப் பார்த்தாள். "இத யாரும்மா ஒங்களுக்குக் குடுத்தது?"

"பெரிய மனுசங்க."

ஷாமிலா உட்காரவைத்து விளக்கினாள். முதல் இலக்கம் ஒரு வில்லையின் அகலம். இரண்டாவது, இரண்டு வில்லைக்கும் நடுவில் மூக்கில் உட்காரும் இடத்தின் அகலம். மூன்றாவது, கண்ணாடிக் கை மூட்டிலிருந்து காதுக்குப் பின்னால் முடியும்வரை உள்ள நீளம். எல்லாம் மில்லிமீட்டர். இரண்டு வில்லையையும் மூக்கு இடத்தையும் கூட்டி, இரண்டு ஓரத்துக்கும் சேர்த்து ஒரு பத்தைப் போட்டால் கண்ணாடியின் மொத்த அகலம் வந்துவிடும்.

"இப்ப ஒங்க மொகத்த அளப்போம்" என்று ஒரு பொட்டிலிருந்து மறு பொட்டுவரை அளந்தாள். "நூத்தி இருபத்திரண்டு. இந்தப் பெருசு நூத்தி முப்பத்தொம்பது வருது. பதினேழு மில்லி கூட. கை வேற நீளம். காதுக்குப் பின்னால வளையுற எடம் ஒங்க காதுல இல்ல, காத்துல நிக்குது. எப்படிம்மா விழாம இருக்கும்?"

"பழகிக்கச் சொன்னாங்க."

"என்னத்தப் பழகுறது? காதுக்கு வளரச் சொல்றதா?"

வீரம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. சின்ன பிரேம் நூற்று இருபத்துநாலு, அவளுக்குச் சரி. ஷாமிலா வழியும் சொன்னாள். பெரிய வில்லையைச் சுற்றிவர வெட்டிச் சின்ன பிரேமில் போடலாம். நடு மையம் கண்ணுக்கு நேரே வரும்படி பார்த்து வெட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சின்ன வில்லையை இழுத்துப் பெரிய பிரேமில் போட முடியாது. செல்லசாமிக்குப் புது வில்லைதான் வாங்க வேண்டும். கண்ணாடியோடு கண்ணாடியாகப் பவரும் மாறிப் போயிருந்ததால்தான் கொழுந்து கலங்கியது, கான் கிட்டத்தில் தெரிந்தது என்றும் சொன்னாள். அவருடையது மூன்று, வீரம்மாவுடையது ஒன்றரை. வீரம்மா தலையாட்டினாள். அந்த மாற்றம் தன் தப்பு. அவள் அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தப்புக்கு அவளைத் தள்ளியது யார்?

"இன்னிக்கே வெட்டித் தரவா, அம்மா?"

"வேணாம், இருங்க. வெட்டிட்டா சாட்சி போயிரும்."

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் வீரம்மா கூடையோடும் இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கோடும் பெரட்டுக் களத்துக்குப் போனாள். ஆட்கள் கூடியிருந்தார்கள். கணேசமூர்த்தி அவளைப் பார்த்ததும், "கடுதாசி கொண்டுவந்தீங்களா?" என்றார்.

"கொண்டுவந்திருக்கேன், ஐயா. அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை. இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்க." பெரிய கண்ணாடியை நீட்டினாள்.

அவர் என்னவோ வேடிக்கை என்று நினைத்துப் போட்டார். அகலமான முகத்தில் அது அச்சாக உட்கார்ந்தது. கீழே குனிந்து நிமிர்ந்தார். விழவில்லை.

"நல்லாத்தானே நிக்குது! பாத்தீங்களா?" என்று எல்லாரையும் பார்த்தார். "நான் சொல்லல்ல? போடத் தெரியணும்."

"அதத்தான் ஐயா நானும் சொல்றேன். நல்லா நிக்குது. ஏன்னா அது ஒங்க மூஞ்சிக்குச் செஞ்சது. மூட்டையில அம்பத்தாறு வாங்கிட்டு வந்து எங்க தலையில மாட்டிட்டாங்க. இப்ப இதப் போடுங்க." சின்னதை நீட்டினாள்.

அவர் வாங்கத் தயங்கினார். பின்னாலிருந்து செல்லசாமி, "போடுங்க ஐயா, கடிக்காது" என்றார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்க முடியவில்லை. போட்டார். கண்ணாடிக் கைகள் விரிந்து காதுக்கு எட்டாமல் நின்றன. கண்ணாடி மூக்குத்தண்டின் உச்சியில் குருவி மாதிரிக் குந்தியது. பெண்கள் படங்கை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வீரம்மா சிரிக்கவில்லை. "இப்ப இதோடயே மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு அந்த வளைவுவரைக்கும் போய்ட்டு வாங்க, ஐயா. நீங்க விழுந்தா கடுதாசிய நான் எழுதுறேன். கண்டாக்கய்யாவுக்குக் கண்ணு தெரியல, அவர் வெருப்பப்படியே வேலைய விட்டுப் போறாருன்னு."

சிரிப்பு நின்றது. கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். அவர் காது சிவந்திருந்தது. வீரம்மா படங்குக்குள்ளிருந்து அடிமட்டத்தை எடுத்தாள்.

"இந்த நம்பர் என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு? எனக்கும் தெரியாது. வயசுன்னு நெனச்சு அண்ணன்கிட்ட மாத்திக்கிட்டேன். அதுல பவரும் மாறிப் போச்சு, முத்தல் பறிச்சேன், கானுக்குள்ள விழுந்தேன். என் தப்ப நான் சொல்லிட்டேன். ஒங்க தப்ப நீங்க சொல்லுங்க. நிக்கல்லை ஐயான்னு ஒங்ககிட்ட வந்து சொன்னேனா இல்லையா? பழகிக்கன்னு சொன்னீங்களா இல்லையா?"

கணேசமூர்த்தி கழற்றிய கண்ணாடியை அவளிடம் நீட்டினார்.

"ஒன்றரைப் பெட்டியில வாங்கினவங்க எல்லாம் எடுத்துப் பாருங்கடி" என்றாள் வீரம்மா திரும்பி. பதினொரு பேர் எடுத்தார்கள். முந்தானையிலிருந்து, கழுத்து நூலிலிருந்து, சட்டைப் பையிலிருந்து. ஒவ்வொருத்தியாகப் படித்தார்கள். ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு. ஐந்தாவது ஆளுக்குப் பிறகு கணேசமூர்த்தியே, "சரி, போதும்" என்றார்.

"எனக்குக் கண்ணு தெரியும், ஐயா. கையால புடிச்சா பூனைமயிர்கூடத் தெரியுது. கோளாறு கண்ணுல இல்ல, கண்ணாடியோட அளவுல." அவள் கடிதத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். கோடு வெற்றாகவே இருந்தது. "ஒரு கெழம தாங்க. அப்புறமும் முத்தல் வந்தா நானே கேட்டு வாங்கிக் கையெழுத்து வைப்பேன்."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். "ஒரு கெழமதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஆனால் பெயர் பிரிக்கும்போது வீரம்மாவை அவள் நிரைக்கே போட்டார்.

செல்லசாமி தன் சின்ன பிரேமைத் தானாகவே விட்டுக்கொடுத்தார். "நீ மலைக்குப் போ. நான் கத்தியத் தடவிப் பாத்தே கவ்வாத்து வெட்டிக்குவேன்" என்றார். அன்று சாயந்தரமே ஹட்டனில் ஷாமிலா பெரிய வில்லையை வெட்டிச் சின்ன பிரேமில் போட்டுக் கொடுத்தாள். அவருக்கு மிச்சம் பெரிய பிரேம் மட்டும். வில்லை இல்லாத இரண்டு ஓட்டை. அதையும் மாட்டிக்கொண்டு லயத்தில் திரிந்து எல்லாரையும் சிரிக்கவைத்தார். வீரம்மாவுக்கு மட்டும் அந்த ஓட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை. இலவசமாகக் கொடுத்ததைச் சரிசெய்ய இல்லாதவன் இல்லாதவனிடம் வாங்க வேண்டியிருக்கிறதே என்று.

அந்த ஒரு வாரமும் கொழுந்து சுத்தமாக வந்தது. கணேசமூர்த்தி கூடைக்கு அடிவரை கையை விட்டுக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடிதத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் கிளாக்கர் சுதாகரன் மடுவத்துக்கு ஒரு தாளோடு வந்தார். கழகத்துக்கு நன்றிக் கடிதம். எங்கள் வாழ்வில் ஒளியேற்றிய நல்லுள்ளங்களே என்று தொடங்கியது. அடுத்த மாதம் அதே கழகம் கொத்மலைப் பக்கத் தோட்டம் ஒன்றுக்குப் போகிறதாம்; அதற்கு முன் அவர்களுக்கு இது போக வேண்டுமாம். போட்டோவில் வந்த அம்மா முதல் கையெழுத்து வைக்க வேண்டும் என்று தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை சொன்னாராம்.

வீரம்மா பேனாவை வாங்கினாள். கண்ணாடி மூக்கில் அசையாமல் இருந்தது. பெயரை எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில் 49-16-135 என்று எழுதினாள். அதற்குக் கீழே, இது என் முகத்தின் அளவு, நீங்கள் கொடுத்தது 56-17-145 என்று எழுதினாள்.

"ஐயோ, என்னாக்கா இது?" என்றார் சுதாகரன்.

"கையெழுத்து. ஜெயந்தினி, வா இங்க. மூஞ்சியக் காட்டு." அடிமட்டத்தை அவள் பொட்டில் வைத்தாள்.

ஜெயந்தினிக்குப் பின்னால் வரிசை நின்றது. முகாமில் நின்றதைவிட நீளமான வரிசை. வீரம்மா ஒவ்வொரு முகத்தையும் அளந்து சொன்னாள். அவரவர் பெயருக்குப் பக்கத்தில் அவரவர் எழுதினார்கள். கடைசியாக வந்த செல்லசாமி பேனாவை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினார்: 56 சரி. பிரேம் இருக்கிறது, கண்ணாடி இல்லை.

"இப்படியே அனுப்புனா தொரை ஏசுவாரு, அக்கா" என்றார் சுதாகரன்.

"ஏசட்டும். கொத்மலைக்காரிக்கும் மூஞ்சி இருக்குதானே?" என்றாள் வீரம்மா. "கவர எடுங்க. நான் பாக்கப் போட்டு ஒட்டுங்க."

சுதாகரன் சுற்றிலும் பார்த்தார். யாரும் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களாக இல்லை. தாளை மூன்றாக மடித்துக் கவருக்குள் போட்டு, நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டினார். வீரம்மா அதை வாங்கி, ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.